நிழற்குடையில் நிழலுக்கு வேலை இல்லை

மலையில் இருக்கிற பஸ் ஸ்டாப் நிழற்குடைகளைப் பதினாலு மாதம் படம் எடுத்த கதை இது. குன்னூரில் ஸ்டுடியோ வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுப்பேன். ஆனால் வருமானத்தில் பாதிக்கு மேல் கீழே இருந்து வருகிற ஜோடிகள்தான். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து கல்யாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் மலையேறி வந்து, நாலு உடை மாற்றி, பூங்காவிலும் தேயிலைத் தோட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் இறங்கிப் போய்விடுவார்கள். நல்ல மனிதர்கள், நேரத்துக்குப் பணம் தருவார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2022 மே மாதம், சீசன் நெரிசலில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய ஃபோல்டர்களை வேறு டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது பெயர் எழுதாமல் விட்ட ஒன்று கிடைத்தது. யாருடையது என்று பார்க்கத் திறந்தேன். தெரியவில்லை. அதே சில்வர் ஓக் வரிசை, அதே மண் பாதை வளைவு, பையன் பெண்ணைப் பார்க்கிறான், பெண் தரையைப் பார்க்கிறாள், பின்னால் மங்கலாகத் தேயிலை. 2019இல் எடுத்த ஒரு ஜோடியின் படத்தையும் முந்தின வாரம் எடுத்த ஜோடியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, முகங்களைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். ஒரே படம். மூன்று வருடத்தில் கேமரா மாறியிருக்கிறது, லென்ஸ் மாறியிருக்கிறது, நடுவில் கொரோனா வந்து போயிருக்கிறது, நான் நின்ற இடம் மட்டும் ஓர் அடி நகரவில்லை.

இந்த மாதிரிச் சோர்வு முன்பும் வந்திருக்கிறது. 2017இல் ஒரு நாளைக்கு ஒரு படம், வருடம் முழுக்க, என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்றாவது நாள் காபி டம்ளரைப் படம் எடுத்ததோடு முடிந்தது. தினம் ஒரு படம் சிலருக்குச் சரிப்படலாம், எனக்கு அது குழுக் கடன் தவணை மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு எதையாவது எடுத்துத் தொலைக்க வேண்டுமே என்று வீட்டைச் சுற்றி வருவேன். எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் எத்தனை நாள் எடுத்தால்தான் என்ன.

சரி, பஸ் ஸ்டாப் கதைக்கு வருகிறேன். அந்த ஜூனில் என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது. எடப்பள்ளியில் ஒரு வீட்டில் ஆல்பம் கொடுத்துவிட்டு, திரும்புவதற்கு பஸ்ஸுக்கு நின்றேன். தூறல், அதோடு மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. முதலில் எதிர்ச்சரிவு போயிற்று, அப்புறம் எதிரில் இருந்த மரம் போயிற்று, கடைசியில் ரோட்டின் வெள்ளைக் கோடு மட்டும் கொஞ்ச தூரத்துக்குத் தெரிந்தது. உள்ளே நான், இரண்டு படுகர் பாட்டிமார், ஒரு பள்ளிக்கூடப் பையன், ஒரு நாய். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். பயணிகள் நிழற்குடை.

சிரிப்பு வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் அது நிழலுக்கான குடை, ஒத்துக்கொள்கிறேன். இங்கே எத்தனையோ நாள் நிழலே விழாது. வெயில் வந்துவிட்டால் ஜனங்கள் நிழற்குடையை விட்டு வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று முதுகைக் காய்ச்சிக்கொள்வார்கள். மேகம் வந்தால்தான் உள்ளே போவார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய நோட்டில் நாலு விதி எழுதினேன். ஒன்று, நிழற்குடை மட்டும்தான். இரண்டு, ஒரே லென்ஸ், 35 எம்எம், வேறு எதையும் பையில்கூட வைக்கக் கூடாது. மூன்று, எதிர்ப்பக்கம் நின்று நேருக்கு நேர் எடுக்க வேண்டும். நான்கு, யாரையும் நகரச் சொல்லக் கூடாது, சிரிக்கச் சொல்லக் கூடாது. நாலாவது விதிதான் கஷ்டம். என் பிழைப்பே "கொஞ்சம் தாடையை இறக்குங்க" என்று சொல்வதில் ஓடுகிறது.

விதி எதற்கு என்று கேட்கலாம். சொந்த வேலையில் நம்மைக் கேட்க ஆள் கிடையாது. வாடிக்கையாளர் இருந்தால் அவர் பிடித்து இழுப்பார், இதில் நானேதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கை எழுபது-இருநூறு ஜூம் லென்ஸுக்குப் போயிற்று. தூரத்தில் நின்று ஒரு முகத்தை மட்டும் பிடுங்கி எடுக்கிற பழக்கம். பையில் அது இல்லாததால் ரோட்டைக் கடந்து கிட்டே போக வேண்டியிருந்தது, போனால் பேச வேண்டியிருந்தது.

கைத்தொழில் பக்கம் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், மலையில் படம் எடுக்கிறவர்களுக்கு உதவும். மேகத்துக்குள், வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டரை நம்பக் கூடாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் நினைக்கும், அதனால் வெள்ளை மேகத்தைச் சாம்பல் ஆக்கிவிடும். எடுத்த படம் எல்லாம் மழை நாள் சாயங்காலம் மாதிரி இருக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) ஏற்ற வேண்டும், சில நாள் ஒன்றரை. ஆனால் படுகர் பாட்டிமார் வெள்ளைத் துணிதான் உடுத்துவார்கள், தலையிலும் வெள்ளை. ஒன்றரை ஏற்றினால் மேகமும் துணியும் ஒன்றாகி, ஒரு முகமும் இரண்டு கையும் மட்டும் காற்றில் தொங்கும். கல்யாண வேலையில் பத்து வருடமாகக் கேமராவை ஆட்டோ மோடில் வைத்தே காலம் தள்ளியவன் நான். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் என்று ஒன்று கேமராவில் இருப்பதே அந்த ஆடி மாதத்தில்தான் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

அப்புறம் ஃபோகஸ். மேகத்தில் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்க ஒரு விளிம்பு கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். மேனுவலுக்கு மாற்றி, கூரையின் ஓரத்தில் வைத்துக்கொள்வேன். குளிரில் பேட்டரி பாதி நேரத்திலேயே படுத்துவிடும், ஒன்றை எப்போதும் ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருப்பேன். குளிரிலிருந்து கதகதப்பான இடத்துக்குப் போகும்போது கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நவம்பர் மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தது. சுத்தம் செய்ய ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாலு மாதத்தில் குன்னூர், கட்டபெட்டு, கோத்தகிரி, கோடநாடு வழியில் இருபத்தெட்டு நிழற்குடை ஆயிற்று. எனக்கு ரொம்பப் பெருமை. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஊட்டியில் இருக்கிற ஒரு மாமாவைப் பார்க்கப் போனேன். அப்பாவோடு ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்.

ஃபிலிம் ஃபேக்டரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம், 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. நாட்டில் பாதிப் பேருடைய குடும்பப் படமும் எக்ஸ்ரேயும் ஊட்டியில் செய்த ஃபிலிமில்தான் பதிந்தது என்று அப்பா கொஞ்சம் கூட்டியே சொல்லுவார். ஃபிலிமுக்கு 'இந்து' என்று பெயர், அதனால் அந்த இடமே இந்து நகர் ஆகிவிட்டது. நம் ஊர்க் காற்றில் தூசி கிடையாது, குளிர்ச்சி வேறு, அதனால்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது அவருடைய வாதம். ஃபிலிம் பூசுகிற பகுதியில் கும்மிருட்டில் வேலை. வீட்டில் கரண்ட் போனால் எல்லாரும் தடுமாறுவோம், அவர் மட்டும் சுவரைக்கூடத் தொடாமல் நேராகப் போய் மெழுகுவர்த்தியை எடுத்து வருவார். டிஜிட்டல் வந்தது, ஃபேக்டரி நலிந்தது, மூடியும் போயிற்று. அப்பாவும் இப்போது இல்லை.

மாமா இருபத்தெட்டுப் படத்தையும் மேஜையில் பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். டீ ஆறிப்போயிற்று. பிறகு, "டேய், கட்டடம் எல்லாம் நல்லா வந்திருக்கு. பிடபிள்யூடிக்காரன் பார்த்தா சந்தோஷப்படுவான். இதுல யாராவது பஸ்ஸுக்கு நிக்கிறாங்களா?" என்றார்.

நிற்கிறார்களே மாமா, இதோ பாருங்கள் என்று காட்டினேன். "நிக்கிறாங்க. ஆனா உனக்காகத்தான் நிக்கிறாங்க. எல்லாரும் கேமராவைத்தானடா பார்க்கிறாங்க" என்றார்.

கோபம் வந்தது. மலையிறங்கி வரும்போது அரவங்காடு வரைக்கும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வெலிங்டன் தாண்டும்போது அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஒருவன் கேமரா முக்காலியை ஊன்றிக்கொண்டு நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? முதுகை நிமிர்த்துவார்கள், பையை மறைப்பார்கள், பேச்சை நிறுத்துவார்கள். நகரச் சொல்லாமலே எல்லாரையும் போஸ் கொடுக்க வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஜோடிப் படத்தையே பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது விதியை அடித்துவிட்டேன். முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு நானும் நிழற்குடைக்குள் போய் உட்கார ஆரம்பித்தேன். காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் போவேன், முதல் பஸ்ஸை விடுவேன், இரண்டாவதையும் விடுவேன். மூன்றாவது பஸ்ஸுக்குள் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். "தம்பிக்கு எந்த ஊர் பஸ்?" என்று கேட்டவர்கள்கூட இரண்டு வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு பாட்டி மட்டும், "வேலை வெட்டி இல்லையா சாமி உனக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுவிட்டு மடியிலிருந்து வர்க்கி எடுத்துக் கொடுப்பார்.

உள்ளே உட்கார்ந்த பிறகு தெரிந்தவைதான் என்னை மாற்றின என்று நினைக்கிறேன். காத்திருக்கிறவர்கள் பஸ் வருகிற பக்கம் பார்ப்பதில்லை. மேகத்தில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் காதைத்தான் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். கியர் மாற்றுகிற சத்தம் வளைவுக்குக் கீழே கேட்டதும், யாரும் சொல்லாமல், எல்லாருடைய உடம்பும் ஒரே நேரத்தில் கொஞ்சம் அசையும். பை கைக்கு வரும், முந்தானை சரியாகும், பையன் புத்தக மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவான். விளக்கு வெளிச்சம் அதற்கும் அரை நிமிடம் கழித்துத்தான் மேகத்துக்குள் மஞ்சளாகத் தெரியும். அந்த அரை நிமிடம்தான் எனக்கு வேண்டிய படம் என்று கண்டுபிடித்தேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற கர்ப்பிணி, யாராக இருந்தாலும் அந்த அரை நிமிடத்தில் என்னை மறந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஷட்டரை அழுத்துவது குறைந்துவிட்டது. ஒரு கல்யாணத்தில் மூவாயிரம் படம் எடுக்கிற கை, ஒரு காலையில் ஆறு ஏழு படத்தோடு திரும்பி வந்தது.

காட்டுமாடு கதையைச் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் கோத்தகிரி பக்கம் ஒரு நிழற்குடை, விடியற்காலை, உள்ளே ஒரு காட்டுமாடு நிற்கிறது. சாதுவாக, ஆளை விட உயரமாக, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரியே. இங்கே அது பெரிய அதிசயம் இல்லை, தேயிலைக்குள்ளும் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் தூரத்திலிருந்தே இரண்டு படம் எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் வாழ்க்கையில் எந்தப் படத்துக்கும் அத்தனை பேர் பதில் போட்டதில்லை. "எப்போ வரும் 18ஆம் நம்பர் பஸ்" என்று எழுதினார்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அனுப்பிக்கொண்டார்கள், ரெண்டே நாளில் என் பெயர் இல்லாமல் எனக்கே திரும்பி வந்தது.

கடைசித் தேர்விலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். வீட்டில் சண்டையே வந்தது. "ஊருக்கே பிடிச்ச படத்தை எடுத்துட்டு, காலிப் பெஞ்சை வெச்சிருக்கீங்க" என்று என் மனைவி கேட்டாள். படம் நல்ல படம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை நடுவில் வைத்தால் மற்ற முப்பத்து ஏழு படத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள், காட்டுமாடு எங்கே என்றுதான் புரட்டுவார்கள். வாடிக்கையாளர் வேலையில் இந்த முடிவை எடுக்கவே வராது. அதிகம் பேருக்குப் பிடித்ததைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைப்போம்.

இடையில், ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு பையன், ஓவியக் கல்லூரியில் படிக்கிறவன், என் படங்களைப் பார்த்துவிட்டு பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு ஜெர்மன் கணவன் மனைவியைப் பற்றிச் சொன்னான். 1959இல் தொடங்கி, தண்ணீர்த் தொட்டிகள், உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டே இருந்தவர்கள். நிழல் விழக் கூடாது என்பதற்காக மேகமூட்டமான நாளில்தான் எடுப்பார்களாம். அதைக் கேட்டதும் ஒரு சின்ன கர்வம், அவர்கள் காத்திருந்து பிடித்த வெளிச்சம் நமக்கு வாசலிலேயே கிடக்கிறதே என்று. தேடிப் பார்த்தேன். பார்த்ததும் கர்வம் போய்விட்டது. தொட்டிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் தொட்டியால்தான் தெரிகிறது. என்னுடைய முதல் இருபத்தெட்டுப் படத்துக்கு அந்தப் பொறுமையும் இல்லை, மாமா கேட்ட ஆளும் இல்லை.

ப்ராக் நகரத்து ஜோசப் சுடெக்கைப் பற்றியும் அவன்தான் சொன்னான். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1940 முதல் 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். கண்ணாடியில் பனி, கண்ணாடியில் நீர்த்துளி, வெளியே வளைந்த ஒரு மரம். எனக்கு அது ரொம்ப ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அந்தச் சமயத்தில் எடப்பள்ளி நிழற்குடைக்கு நான் பதினாறாவது தடவை போய்க்கொண்டிருந்தேன். போன இடத்துக்கே எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. நம் ஆளிலும் மா. கிருஷ்ணன் இருக்கிறார். எழுத்தாளர் மாதவையாவின் மகன், 1996இல் இறந்தவர், முதுமலை யானைகளை எல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். ஊரெல்லாம் கலருக்குப் போன பிறகும் அவர் போகவில்லை. இதை அப்பா பெருமையாகச் சொல்வார், காரணம் வேறு, கறுப்பு வெள்ளை ஃபிலிம் எங்கள் வீட்டுச் சோறு.

மழைக்காலத்தில் மஞ்சூர் பக்கம் போனேன். குந்தா பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும். 2019 ஆகஸ்டில் அங்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மஞ்சூரிலிருந்து கிண்ணக்கொரை வரைக்கும் பஸ்ஸிலேயே போய், பஸ்ஸிலேயே திரும்பினேன். வழியில் ஒரு நிழற்குடை, கல் கட்டடம், ஓட்டுக்கூரை, உள்ளே மூன்று பக்கமும் கல் திண்ணை. அந்தக் காலத்துக் கொத்தனாருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்திருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் முழுச் சுவராக எழுப்பியிருக்கிறார். புதிதாக வருகிற நிழற்குடைகள் எவர்சில்வர் குழாயும் வளைந்த ஷீட்டும். மூன்று பக்கமும் திறப்பு, உட்கார்ந்தால் இடுப்பு வரை சாரல். ஊர்ப் பெயரைத் தேட வேண்டும், தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிக் கொடுத்தவர் பெயர் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். இதைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம், ஆனால் எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

நான் எடுத்ததில் மூன்று பழைய நிழற்குடைகள் இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டன. ஒரு இடத்தில் கட்டடம் போய் ஒரு வருடம் ஆகிறது, ஜனங்கள் இன்னும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு வரிசையாக, மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பதினாலு மாதம் முடிந்தபோது அறுபத்தொரு நிழற்குடை, நாலாயிரத்து சொச்சம் படம். கம்ப்யூட்டரில் வைத்துத் தேர்வு செய்ய ஒரு மாதம் முட்டிக்கொண்டேன், நடக்கவில்லை. முன்னூறு படத்தைச் சின்ன சைஸில் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் தரையில் பரப்பினேன். ஒன்றைக் கையில் எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்கிறபோதுதான் எது எதைக் கொல்கிறது, எது எதைத் தூக்குகிறது என்று தெரிகிறது. பத்து நாள் வீட்டில் எல்லாரும் சுவரோரமாக நடந்தார்கள். என் பெண் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, இந்தப் பாட்டி மூணு போட்டோல இருக்காங்க, மூணுலயும் அதே பை" என்றாள். நான் கவனிக்கவே இல்லை. வர்க்கி கொடுக்கிற பாட்டிதான். எனக்குத் தெரியாமலே நான் அந்தப் பையைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன், மஞ்சள் நிறத் துணிக்கடைப் பை, மேகத்துக்குள் அது ஒன்றுதான் நிறம். அதை வைத்துத்தான் வரிசையே அமைந்தது. கடைசியில் முப்பத்தெட்டு.

கல்யாண வேலையில் என்ன மாறியது என்று சக போட்டோகிராபர்கள் கேட்கிறார்கள். ஸ்டைல் மாறியதா, ரேட் ஏறியதா என்று. ரேட் ஏறவில்லை. பார்க்கிற நேரம் மாறியிருக்கிறது. தாலி கட்டும்போது எல்லாரும் எடுப்பார்கள், நானும் எடுப்பேன், சம்பளமே அதற்குத்தான். ஆனால் இப்போது கெட்டிமேளத்துக்கு முந்தின அரை நிமிடத்தைக் காது கொடுத்துப் பிடிக்கிறேன். நாதஸ்வரக்காரர் மணமேடையை எட்டிப் பார்ப்பார், பெண்ணின் அம்மா அட்சதையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவார், ஒரு பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். போன ஆவணியில் ஒரு பெண் வீட்டார், அப்பா தனியாகப் பந்தல் ஓரத்தில் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டு நிற்கிற படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார்கள். அந்தப் படத்தை 2021இல் நான் எடுத்திருக்க மாட்டேன். அவரைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தியிருப்பேன்.

எல்லா வேலையும் இப்படி வருவதில்லை. மாசத்தில் பாதி நாள் இன்னும் அதே சில்வர் ஓக், அதே மண் பாதைதான். சோறு அதில்தான் இருக்கிறது.

படங்களை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கேலரி எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, அதோடு படத்தில் இருக்கிறவர்கள் அங்கே வரப்போவதில்லை. கட்டபெட்டு பக்கம் ஒரு டீக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார். கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் முப்பத்தெட்டையும் மாட்டினேன். இரண்டு வாரம். டீ ஆவியில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது, ஏழெட்டுப் படம் காணாமல் போயிற்று, எடுத்துக்கொண்டவர்கள் படத்தில் இருப்பவர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். மாமாவும் ஊட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கடைசி வரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஒண்ணுலகூட பஸ் இல்லையேடா" என்றார். நான் அதையும் கவனித்திருக்கவில்லை.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. பூங்கா வேண்டாம், தோட்டம் வேண்டாம், அந்த பஸ் ஸ்டாப் போட்டோ மாதிரி எங்களை எடுங்கள் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். இதுவும் இன்னொரு பின்னணி ஆகிவிடுமே என்று இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டேன், எடப்பள்ளி வேண்டாம், வேறு ஒன்றுக்குப் போகலாம் என்று. ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னேன், கேட்கவில்லை. காலை ஆறரைக்கு அந்தப் பெண் மெல்லிசாக ஒரு கவுன், பையன் கோட்டு சூட்டு, இரண்டு பேருக்கும் பல் கிட்டிக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பஸ்ஸுக்கு நில்லுங்கள் என்றேன். கால் மணி நேரம் நின்றார்கள். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம் குளிரில் சிரிப்பதை விட்டார்கள், அப்புறம் யார் ஸ்வெட்டர் வேண்டாம் என்று சொன்னது என்பதில் லேசாக ஒரு வாக்குவாதம் ஆரம்பித்தது. அப்போதுதான் நான் கேமராவை எடுத்தேன்.

கீழ் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பஸ் வந்து சரியாக எங்கள் முன்னால் நின்றது. டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். அந்தப் பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள், உள்ளே சூடு இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக. பின்னாலேயே அவன், அவன் பின்னால் நான். கொழுந்துக்குப் போகிற பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள், ஒருவர் தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால் லென்ஸ் முழுக்க ஆவி. ஜிப் உறை வெளியே ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கட்டபெட்டு மூணு என்றேன், சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே.